கைதட்டல் நிறைந்தது, கல்லா நிறையவில்லை! தெரியுமா?

ஒரு கேமை விமர்சகர்கள் மெச்சுகிறார்கள். விளையாடியவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். விருதுக்கு மேல் விருது! ஆனால் கடை அலமாரியிலோ அந்த கேமின் பெட்டிகள் தூசி படிந்து கிடக்கின்றன. தியேட்டரில் மூன்றே நாளில் தூக்கப்பட்டு, பிறகு டிவியில் போடப்போட ஊரே கொண்டாடிய படங்களை நாம் பார்த்திருக்கிறோம். வீடியோ கேம் உலகிலும் அப்படி ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. ஏன் விற்கவில்லை என்று கேமுக்குள் தேடினால் பதில் கிடைக்காது. அது அட்டைப்படத்தில் ஒளிந்திருக்கலாம், வெளியான தேதியில் இருக்கலாம், ஏன், ஒரு நாற்றத்தில்கூட இருக்கலாம்! நம்ப முடியவில்லையா? படியுங்கள்.

தோல்விக்கும் கின்னஸ் சாதனை உண்டு, தெரியுமா?

ஜப்பானின் கேப்காம் நிறுவனத்தைச் சேர்ந்த குளோவர் ஸ்டூடியோ 2006-இல் கொடுத்த அற்புதம் 'ஓகாமி'. வெள்ளை ஓநாய் உருவில் வரும் சூரிய தெய்வம் அமதெராசுதான் நாயகி. திரை முழுவதும் மையும் தூரிகையுமாகத் தீட்டிய ஜப்பானிய ஓவியம் போலவே இருக்கும். அந்தத் தூரிகை நம் கையிலும் உண்டு! வானத்தில் ஒரு வட்டம் வரைந்தால் போதும், சூரியன் உதித்துவிடும்!

ஐஜிஎன் தளம் இதை 2006-இன் சிறந்த கேம் என்று முடிசூட்டியது. கொடுமை என்னவென்றால், அந்த முடி சூட்டப்படுவதற்கு முன்பே குளோவரை மூடப்போவதாக அறிவிப்பு வந்துவிட்டது! 'ஆண்டின் சிறந்த கேம் விருது வாங்கியவற்றுள் மிகக் குறைவாக விற்றது' என்று கின்னஸின் 2010 கேமர் பதிப்பு இதைப் பதிவு செய்தது. இப்படி ஒரு சாதனையை யார் கேட்டார்கள்?

காரணங்களில் ஒன்று காலம். பிளேஸ்டேஷன் 2-க்காக உருவான ஓகாமி அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது செப்டம்பரில். நவம்பரில் பிளேஸ்டேஷன் 3 வந்துவிட்டது! புது வண்டி வாங்கக் காசு சேர்ப்பவன் பழைய வண்டிக்கு சீட் கவர் வாங்குவானா?

கூத்து அதோடு முடியவில்லை. 2008-இல் வீ கன்சோலுக்கு வந்த ஓகாமியின் அட்டையை உற்றுப் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஓநாயின் வாயருகே ஐஜிஎன் தளத்தின் லோகோ! இணையத்திலிருந்து எடுத்த படத்தை அந்த முத்திரையோடு அப்படியே அச்சடித்துவிட்டார்கள். கேப்காம் மன்னிப்புக் கேட்டு, மாற்று அட்டைகளை இலவசமாக அனுப்பி வைத்தது!

முடித்த கேமைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள், தெரியுமா?

'ஃபால்அவுட்' என்ற புகழ்பெற்ற கேமை உருவாக்கியவர்களில் மூன்று பேர் தனியே வந்து தொடங்கிய ஸ்டூடியோ ட்ரொய்கா. ரஷ்ய மொழியில் ட்ரொய்கா என்றால் மூவர் கூட்டு! லாஸ் ஏஞ்சலஸ் இரவுகளில் ரத்தக்காட்டேரிகளாக அலையும் 'வேம்பயர்: தி மாஸ்கரேட் பிளட்லைன்ஸ்' அவர்கள் செய்தது. அதற்கு எஞ்சினாக வால்வ் நிறுவனத்தின் 'சோர்ஸ்' தொழில்நுட்பத்தை வாங்கினார்கள். கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: வால்வின் சொந்த கேமான 'ஹாஃப் லைஃப் 2' வெளிவரும் முன் இது வரக்கூடாது!

ஹாஃப் லைஃப் 2 தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் இரண்டும் ஒரே நாளில், 2004 நவம்பர் 16-இல் வெளியாயின. உலகமே ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ராஜா ஊர்வலம் போகும் தெருவில் இன்னொரு தேரை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? போதாக்குறைக்கு, அவசரமாக முடித்த கேமில் பிழைகள் மலிந்திருந்தன. மூன்றே மாதத்தில், 2005 பிப்ரவரியில் ட்ரொய்கா மூடப்பட்டது.

இதற்குப் பிறகுதான் அதிசயம்! ஸ்டூடியோ போனாலும் கேமை ரசிகர்கள் விடவில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு வேதியியலாளர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து அதன் பிழைகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்து இலவசமாகக் கொடுத்தார். செய்தவர்கள் சில மாதங்களுக்கு மேல் பராமரிக்க முடியாத கேமை, விளையாடியவர் பத்தாண்டுக்கும் மேல் பராமரித்திருக்கிறார்!

சொந்த வீட்டிலேயே போட்டி, தெரியுமா?

எதிரி குறுக்கே வந்தால் விதி எனலாம். அண்ணனே குறுக்கே வந்தால்? 2016-இல் 'பேட்டில்ஃபீல்ட் 1' அக்டோபர் 21-இல் வந்தது. 'கால் ஆஃப் டியூட்டி: இன்ஃபினிட் வார்ஃபேர்' நவம்பர் 4-இல். இரண்டு மதயானைகள்! நடுவே அக்டோபர் 28-இல் மாட்டிக்கொண்ட முயல்தான் 'டைட்டன்ஃபால் 2'. நமக்கு அது தீபாவளிக்கு முந்தின நாள். அந்த கேமுக்கோ வெடிக்காத தீபாவளி! பேட்டில்ஃபீல்ட், டைட்டன்ஃபால் இரண்டையும் வெளியிட்டது ஒரே இஏ நிறுவனம் என்பதுதான் வேடிக்கை. அதே டைட்டன்ஃபால் உலகத்தில் நடக்கும் 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' 2019-இல் இலவசமாக வந்தது. முதல் வாரத்திலேயே 2.5 கோடிப் பேர் குவிந்தார்கள்!

'இந்த கேம் நாறுகிறது' என்று விளம்பரம் செய்தார்கள், தெரியுமா?

சத்தியமாக! செய்தவர்கள் நின்டெண்டோவேதான். ஜப்பானில் 1994-இல் 'மதர் 2' என்ற பெயரில் வந்து விரும்பப்பட்ட கேம், மறு ஆண்டு அமெரிக்காவில் 'எர்த்பவுண்ட்' ஆனது. வாளும் டிராகனும் கிடையாது. பேஸ்பால் மட்டையோடு ஊர் சுற்றும் சாதாரணச் சிறுவனின் கதை. இதை உருவாக்கும்போது வேலை சிக்கலாகி நின்றது. அப்போது உதவிக்கு வந்த ஒரு புரோகிராமர், "இருப்பதைத் திருத்தினால் இரண்டு வருஷம், புதிதாக எழுதினால் ஆறு மாதம்" என்ற பொருளில் சொன்னார். எழுதியும் காட்டினார். அவர்தான் பின்னாளில் நின்டெண்டோவின் தலைவரான சதோரு இவாதா!

அமெரிக்காவிலோ, சுரண்டினால் நாற்றம் வீசும் அட்டைகளைப் பத்திரிகையில் வைத்து, 'நாறுகிற கேம்' என்று விளம்பரம் போட்டார்கள். கேமில் வரும் அருவருப்பான பாத்திரங்களை வைத்துச் செய்த நகைச்சுவையாம்! முகர்ந்து பார்த்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். எளிமையான படங்களைப் பார்த்து 'சின்னப் பிள்ளை விளையாட்டு' என்ற பேச்சு வேறு. அமெரிக்காவில் விற்றது ஏறத்தாழ 1,40,000 மட்டுமே. இத்தனைக்கும் அதைப் படைத்த ஷிகேசாதோ இதோயின் தொழில் என்ன தெரியுமா? அவர் ஜப்பானின் புகழ்பெற்ற விளம்பர வாசக எழுத்தாளர்!

அன்று சீண்டப்படாத அந்த கார்ட்ரிட்ஜ் இன்று பழைய பொருள் சந்தையில் நூற்றுக்கணக்கான டாலர்களுக்குப் போகிறது. எர்த்பவுண்ட் ரசிகர் கூட்டத்தில் வளர்ந்த டோபி ஃபாக்ஸ் என்ற இளைஞர் 2015-இல் வெளியிட்ட 'அண்டர்டேல்' பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. விதை ஒருவர் போட்டது, அறுவடை இன்னொருவர் வீட்டில்!

அட்டைப்படம் கேமையே மறைத்துவிடும், தெரியுமா?

2001-இல் வந்த 'இக்கோ', ஒரு சிறுவன் ஒரு சிறுமியின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு கோட்டையிலிருந்து தப்பிக்கும் கவிதை. அதன் இயக்குநர் ஃபுமிதோ உவேதா, கிரிகோ என்ற ஓவியரின் பாணியில் தாமே வரைந்த அழகான ஓவியம் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் அட்டையில் வந்தது. அமெரிக்க அட்டையிலோ, ஒரு முரட்டுப் பையன் முகம் பெரிதாக முறைத்துக்கொண்டு நிற்கும்! கேமில் இருக்கும் மென்மையில் ஒரு துளிகூட அதில் கிடையாது. அமெரிக்காவில் விற்பனை மந்தம். 'உலகின் மிக மோசமான அட்டைகள்' என்று யார் பட்டியல் போட்டாலும் இன்றும் அது தவறாமல் இடம்பிடிக்கிறது.

அட்டையில் அழகான அணில் இருந்தும் மாட்டிக்கொண்ட கேமும் உண்டு! 'கான்கர்ஸ் பேட் ஃபர் டே' குழந்தைகளுக்கான கேமாகத்தான் தொடங்கப்பட்டது. 'இன்னொரு குழந்தை கேமா?' என்று எல்லோரும் சலித்துக்கொள்ளவே, ரேர் நிறுவனம் அதே அணிலைக் குடிகாரனாக்கி, கெட்ட வார்த்தை பேசவைத்து, வயது வந்தோருக்கான கேமாக்கிவிட்டது! 2001-இல் நின்டெண்டோ 64-இன் அந்திமக் காலத்தில் வந்தது. பெரியவர்கள் அணிலைப் பார்த்து ஒதுங்கினார்கள். குழந்தைகளுக்கு வாங்கித் தர முடியாது. நின்டெண்டோவின் சொந்தப் பத்திரிகையே அதைக் கண்டுகொள்ளவில்லை!

அதே கேம், வேறு மெஷின், ஏழு மடங்கு விற்பனை, தெரியுமா?

பெட்டிக்குள் இருப்பது ஒன்றேதான், ஓடும் மெஷின் மட்டும் மாறினால் என்ன ஆகும்? 'மாரியோ கார்ட் 8' 2014-இல் வீ யூ கன்சோலில் வந்து சுமார் 84 லட்சம் விற்றது. அதையே கொஞ்சம் மெருகேற்றி 2017-இல் ஸ்விட்சுக்குக் கொண்டுவந்தார்கள். விற்பனை 6 கோடியைத் தாண்டிவிட்டது! கேம் மாறவில்லை, வீட்டில் இருந்த மெஷின்கள்தான் பெருகின. வீ யூ மொத்தமே 1.35 கோடிதான் விற்றது. பழைய 'வீ'க்கான துணைச் சாதனம் என்று நினைத்துப் பலர் அதை வாங்கவே இல்லையாம்! மாரியோவுக்கே இந்தக் கதி என்றால், அதே மெஷினில் சிக்கிய சிறு கேம்களின் கதியை யோசித்துப் பாருங்கள்!

விற்றும் தோற்ற கதையும் உண்டு. சேகாவின் 'ஷென்மூ' 1999-இல் வந்து 12 லட்சம் பிரதிகள் விற்றது. ஆனால் செலவு 4.7 கோடி டாலர் என்று அதை உருவாக்கிய யு சுசுகியே பின்னாளில் சொன்னார். அது ஓடிய டிரீம்காஸ்ட் மெஷினோ உலகம் முழுக்கவே ஒரு கோடியை எட்டவில்லை. 'ஒவ்வொரு டிரீம்காஸ்ட்காரரும் இரண்டு ஷென்மூ வாங்கினால்தான் கணக்கு நேராகும்' என்று கேலி பேசினார்கள்!

திருடியவனையே திவாலாக்கிய கேம், தெரியுமா?

2013-இல் கிரீன்ஹார்ட் கேம்ஸ் என்ற குட்டி நிறுவனம் 'கேம் டெவ் டைகூன்' வெளியிட்டது. கேம் நிறுவனம் நடத்துவதுதான் அதில் நம் வேலை. வெளியான அன்றே அவர்கள் ஒரு குறும்பு செய்தார்கள். திருட்டுப் பதிப்பு ஒன்றைத் தாங்களே தயாரித்துப் பரப்பிவிட்டார்கள்! அந்தப் பதிப்பை ஆடுபவர் எவ்வளவு அருமையான கேம் செய்தாலும், கொஞ்ச நேரத்தில் 'எல்லோரும் உங்கள் கேமைத் திருடுகிறார்கள்' என்று செய்தி வரும், நிறுவனம் திவாலாகும்!

ஒரு நாள் கழித்து எண்ணிப் பார்த்தால், காசு கொடுத்து வாங்கி ஆடியவர்கள் 214 பேர். திருட்டுப் பதிப்பில் ஆடியவர்கள் 3,104 பேர்! அதாவது 93.6 சதவீதம். உச்சகட்ட வேடிக்கை இதுதான்: திருடி ஆடியவர்களில் சிலர், "திருட்டால் என் நிறுவனம் மூழ்குகிறதே, தடுக்க வழியில்லையா?" என்று இணையத்தில் வந்து புலம்பினார்கள்!

ஆடி முடித்துவிட்டுக் காசைத் திரும்ப வாங்கலாம், தெரியுமா?

கணினி கேம்களின் மாபெரும் கடையான ஸ்டீமில் ஒரு விதி. வாங்கி இரண்டு வாரத்துக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். நல்ல விதிதான். ஆனால் கேமே இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டால்? 2021-இல் 'சம்மர் ஆஃப் 58' என்ற திகில் கேமுக்கு அதுதான் நடந்தது. நல்ல பெயர் வாங்கியது. முழுவதும் ஆடி, பாராட்டியும் எழுதிவிட்டு, பலர் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்! சாப்பிட்டுவிட்டு, 'பிரமாதம்' என்று சொல்லிவிட்டு, பில்லைக் கிழித்துப் போட்ட கதை. அதை உருவாக்கியவர் கேம் தொழிலிலிருந்தே காலவரையின்றி விலகுவதாக அறிவித்தார்.

ஆடியவர் எண்ணிக்கை ஒன்று, கல்லாவில் விழுந்தது வேறு. 2023 ஜனவரியில் முன்னறிவிப்பே இல்லாமல் வந்த 'ஹை ஃபை ரஷ்' மைக்ரோசாஃப்ட்டின் மாதச் சந்தாவிலும் கிடைத்தது. 30 லட்சம் பேர் ஆடினார்கள், விருதுகளும் குவிந்தன. 2024 மே மாதம், அதைச் செய்த டாங்கோ ஸ்டூடியோவை மூடுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது! ஆகஸ்டில் தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் அந்தக் குழுவையும் கேமையும் எடுத்துக்கொண்டதால் அது பிழைத்தது.

ஒரு நாளைக்கு ஐம்பது கேம், தெரியுமா?

2024-இல் மட்டும் ஸ்டீமில் 18,000-க்கும் மேற்பட்ட புதிய கேம்கள் வந்தன. அதாவது தினம் ஐம்பது! காலையில் வந்தது மாலைக்குள் அடுத்த ஐம்பதின் கீழே புதைந்துபோகும். விற்பதிலும் முப்பது சதவீதத்தைக் கடை எடுத்துக்கொள்வது வழக்கம்.

ஆனால் புதைந்ததெல்லாம் மக்கிப்போவதில்லை! 2018-இல் மூன்று பேர் வெளியிட்ட ஒரு கேமை ஆரம்பத்தில் ஒரே நேரத்தில் ஆடியவர்கள் 30 முதல் 50 பேர்தான். கைவிடாமல் திருத்திக்கொண்டே இருந்தார்கள். 2020-இல் ஊரடங்கு வந்தது; ஸ்ட்ரீமர்கள் கண்ணில் பட்டது. செப்டம்பரில் ஒரே நேரத்தில் சுமார் 38 லட்சம் பேர்! ஆம், அதுதான் 'அமங் அஸ்'!

அதே போல 2005-இல் வட அமெரிக்காவில் ஒரு லட்சம்கூட விற்காமல், வெளியிட்ட மஜெஸ்கோ நிறுவனத்தையே ஆட்டம் காணவைத்த 'சைக்கோநாட்ஸ்', பதினாறு ஆண்டு கழித்து 2021-இல் இரண்டாம் பாகம் கண்டது. நிதியில் ஒரு பங்கு ரசிகர்களிடமே திரட்டிய 38 லட்சம் டாலர்! நம் ஓகாமிக்கோ, முதல் பாகத்தை இயக்கிய ஹிதெகி கமியாவின் தலைமையில் அடுத்த பாகம் வரப்போகிறது என்ற அறிவிப்பு 2024 டிசம்பரில் வந்தது. பதினெட்டு ஆண்டு!

பிரமிப்பாக இருக்கிறது அல்லவா? ஆனால் ட்ரொய்காவும் குளோவரும் திரும்பி வரவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். நம் பாராட்டு அவர்கள் காதில் விழுந்தபோது கடைக்குப் பூட்டு விழுந்திருந்தது. உங்கள் விஷ்லிஸ்ட்டில், தள்ளுபடிக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும் ஒரு சின்ன கேம் இருக்குமே? பிடித்திருந்தால் இன்றைக்கே வாங்கிவிடுங்கள்!