சந்தனமும் சந்தையும்

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்த சவ்வாது மலை, சந்தன மரங்களுக்குப் பெயர் பெற்றது. மணமிக்க வைரம் பாய்வதற்குச் சந்தனத்திற்குப் பல்லாண்டுகள் தேவை. வெட்டுவதற்கோ ஒரு நாள் போதும்.

வருவாயை நாடும் வளரும் நாடுகள், வளத்தையும் காக்க வேண்டியுள்ளது. தீர்ந்துபோகும் இயற்கை வளங்களைக் காக்க ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தலாம் என 1947ஆம் ஆண்டின் ‘காட்’ வணிக உடன்பாட்டின் 20ஆம் பிரிவு இசைவளிக்கிறது. உள்நாட்டிலும் அத்தகைய கட்டுப்பாடு இருத்தல் வேண்டும். இந்தியாவும் சந்தனக் கட்டை ஏற்றுமதியைத் தடைசெய்து, கைவினைப் பொருள்கள் போன்றவற்றுக்கு வழிவிட்டுள்ளது.

எனினும், தடை மட்டும் மரத்தைக் காப்பதில்லை. அருமை மிகுந்தால் விலை உயரும். விலை உயர்ந்தால் களவு பெருகும். தம் நிலத்தில் வளர்ந்த சந்தனமும் அரசுக்கே உரியதாக இருந்தவரை, அதனை வளர்க்க உழவர் விரும்பவில்லை. 2002இல் தமிழ்நாடு அவ்வுரிமையை நிலவுடைமையாளருக்கு வழங்கியது.

காட்டை ஒட்டி வாழும் மலைவாழ் மக்களின் நிலை வேறு. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தேன் போன்ற சிறு வனப்பொருள்களில் அவர்களுக்கு உரிமை தந்தது. மரம் அதில் அடங்காது. காவலில் பங்கேற்போர்க்குப் பயனிலும் பங்கு கிடைத்தாலன்றி, வணிகக் கொள்கை காட்டைக் காக்காது.