பெட்டிக் காரும் கண்ணின் பழக்கமும்

ஒரு பொருளின் அழகை நிச்சயிப்பது அப்பொருளின் உருவமா, அன்றி அதனைப் பார்க்கும் கண்ணின் பழக்கமா என்னும் வினா, சிற்பிகளுக்கும் ஓவியர்களுக்கும் மட்டுமே உரியதன்று. யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் வீதியோரம் சிறிது நேரம் நின்று போக்குவரத்தைக் கவனிப்பவர் மனத்திலும் அவ்வினா எழக்கூடும். கொக்குவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று ஊர்களைச் சரமாகக் கோத்துக்கொண்டு வடகடலை நோக்கிச் செல்வது அவ்வீதி. அதிலே இருவேறு காலங்களைச் சேர்ந்த சிறிய கார்களைக் காணலாம். ஒன்று, உருண்ட முதுகும் திரண்ட சில்லு மூடிகளும் உடைய பழைய ஆங்கிலக் கார்; ஒஸ்ரின் ஏ40 என்றும் மொறிஸ் மைனர் என்றும் பெயர் பெற்றது. மற்றையது, குத்தென எழுந்த முகமும் தட்டையான கூரையும் கத்தியால் வெட்டி விட்டாற்போன்ற பின்புறமும் உடைய யப்பானியக் கார். சுசுக்கி நிறுவனத்தின் வேகன் ஆர் அவ்வினத்துக்கு நல்ல உதாரணம்.

முன்னதைக் கண்டால் முகம் மலர்பவர் பலர். பின்னதைக் கண்டால் நகைப்பவரும் உளர். சில்லுப் பூட்டிய அலுமாரி என்பார் ஒருவர். பாண்பெட்டி என்பார் இன்னொருவர். அதே காரை வைத்திருப்பவரோ, ஐந்து பேரும் அவர்தம் மூட்டைகளும் அடங்கும் வண்டிக்கு முக அழகு எதற்கு என்று கேட்பார். இவ்விரு கட்சிகளுக்கும் இடையே நடைபெறும் வழக்கினை விசாரிக்கும்போது, முதலில் ஒரு செய்தியை நினைவிற் கொள்ளுதல் நன்று. இன்று அழகுக்கு எடுத்துக்காட்டாகச் சுட்டப்படும் உருண்டைக் காரும் பிறந்த நாளில் ஏச்சு வாங்கியதே.

மொறிஸ் மைனரை உருவாக்கியவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். அதன் மாதிரி வடிவத்தைக் கண்ட நிறுவனத் தலைவர் நஃபீல்ட் பிரபு, நீரிலே அவித்த முட்டை போலிருக்கிறது என்று வெறுத்துரைத்தார். இசிகோனிஸுக்கும் அதன் தோற்றத்தில் முழுத் திருப்தி இருக்கவில்லை. வண்டி ஒடுங்கித் தோன்றுகிறது என எண்ணிய அவர், மாதிரியை நடுவே நெடுக அறுத்து, இரு பாதிகளையும் நான்கு அங்குலம் விலக்கிப் பார்த்தார். பார்வைக்குப் பிடித்த இடத்தில் நிறுத்தினார். மைனரின் இயந்திர மூடியின் நடுவே நீளமாக ஓடும் பட்டை, அந்த அறுவையின் தழும்பேயாகும். முன்கூட்டியே செய்து வைத்திருந்த தாங்கு சட்டங்களையும் இரண்டாக வெட்டி, நடுவே ஒட்டுப் போட வேண்டியதாயிற்று. 1948ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த அந்த 'அவித்த முட்டை', பிரித்தானியாவிற் செய்யப்பட்ட கார்களுள் முதன்முதலாகப் பத்து இலட்சம் என்னும் தொகையை எட்டியது. இலங்கையிலும் அது ஆசிரியர், வைத்தியர், அரசாங்க உத்தியோகத்தர் முதலியோரின் முற்றங்களில் இடம்பிடித்தது. பழகிய கண் அதனை அழகென ஏற்றுக்கொண்டது.

அதே இசிகோனிஸ் 1959ஆம் ஆண்டில் மினி என்னும் காரைத் தந்தார். அதன் நீளம் பத்து அடியே. இயந்திரத்தைக் குறுக்காக வைத்து, சிறிய சில்லுகளை நான்கு மூலைகளுக்கும் தள்ளி, தளத்தின் ஐந்தில் நான்கு பங்கினை மனிதர்க்கும் பொதிகளுக்கும் ஒதுக்கினார். அதன் விலை 500 பவுணுக்குச் சற்றுக் குறைவு. அதனையும் விளையாட்டுப் பொருளென ஐயுற்றவர் பலர். ஆரம்ப விற்பனையும் மந்தமாகவே இருந்தது. பிரான்சு நாட்டின் சித்துரோவன் நிறுவனம் உழவர்களுக்கென 1948இல் காட்சிக்கு வைத்த இரண்டு குதிரைவலுக் காருக்குக் கிடைத்த பரிகாசமோ இவற்றையெல்லாம் விஞ்சியது. நெளித்தகடு கொண்டு செய்த அக்காரைத் தகரப்பேணி என்றே எள்ளினர். அதைச் செய்தவர்களுக்கு இடப்பட்ட கட்டளையோ வேறு. கூடை நிறைய முட்டையை ஏற்றிக்கொண்டு உழுத வயலைக் கடக்க வேண்டும். ஒரு முட்டையும் உடையலாகாது. அக்கார் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உற்பத்தியில் இருந்தது.

ஒஸ்ரின் ஏ40 என்னும் பெயரின் கதை இவ்விடத்திற் சுவையானது. 1950களின் முற்பகுதியில் அப்பெயரைத் தாங்கிய சமர்செற் என்னும் கார் உருண்டு புடைத்தது. 1958இல் அதே பெயரைப் பெற்று வந்த கார், இத்தாலியரான பீனின்பரீனாவின் நிறுவனம் வரைந்த கூர்மையான பெட்டி. ஒரே பெயர், ஒரே நிறுவனம், பத்தாண்டுக்குள் உருண்டை சதுரமாயிற்று. எனவே பெட்டிக் கார் என்பது யப்பானியர் நேற்றுக் கண்டுபிடித்த விநோதம் அன்று.

ஆயினும் இன்றைய பெட்டிக்குத் தனியானதொரு காரணம் உண்டு. அது சட்டம். யப்பானில் மிகச் சிறிய கார்களுக்கென ஒரு வகுப்பு 1949ஆம் ஆண்டு முதல் உள்ளது. அவ்வகுப்பில் அடங்கும் வண்டிக்கு வரியிலும் வேறு கட்டணங்களிலும் சலுகை கிடைக்கும். 1998 முதல் நடைமுறையில் உள்ள எல்லை இதுவாகும்: நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48 மீற்றர், உயரம் 2 மீற்றர், இயந்திரத்தின் கொள்ளளவு 660 கன சென்ரிமீற்றர். நீளத்தையும் அகலத்தையும் கூட்ட வழியில்லை. உயரத்திலே மட்டும் இடம் மிஞ்சியுள்ளது. வெள்ளவத்தையில் நான்கு பரப்புக் காணி வாங்கியவர் என்ன செய்வார்? மாடி கட்டுவார், மதிலோரம் வரை சுவரைக் கொண்டுபோய் நேராக எழுப்புவார். கார் செய்தவர்களும் அதையே செய்தனர். சுசுக்கி நிறுவனம் 1993இல் வெளியிட்ட வேகன் ஆர், அவ்வழியிற் பெருவெற்றி கண்டது. மனிதரைக் கால் நீட்டிப் படுக்க வைத்தாற்போல் இருத்தாமல், நாற்காலியில் இருப்பதுபோல் நிமிர்ந்திருக்கச் செய்தால் அவருக்கு வேண்டிய நீளம் குறையும், உயரம் கூடும். பெட்டி வடிவத்தின் சூத்திரம் முழுவதும் இவ்வளவே.

விலையும் ஒரு காரணம். ஆழமாக வளைந்த தகட்டினை அச்சிலே பலமுறை அழுத்த வேண்டும். தட்டையானதற்கு அத்துணைச் சிரமம் இல்லை. 1980இல் வெளிவந்த பியற் பண்டா என்னும் இத்தாலியக் காரின் கண்ணாடிகள் யாவும், முன்கண்ணாடி உட்பட, தட்டையாகவே அமைந்தன. அதனை வரைந்த யியூயாரோ, அக்காரை நீலக் காற்சட்டைக்கு ஒப்பிட்டார்: பகட்டில்லாதது, பலகாலம் உழைப்பது.

தமிழகத்தில் நிகழ்ந்ததும் இதற்கு ஒத்ததே. சென்னைக்கு அண்மையிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹுண்டாய் நிறுவனம் சான்றோ என்னும் உயரமான சிறு காரைச் செய்து விற்பனைக்கு விட்டது. தாழ்ந்து நீண்ட வண்டிகளையே பார்த்துப் பழகியவர்களுக்கு அதன் தோற்றம் விசித்திரமாகப் பட்டது. அடுத்த ஆண்டின் இறுதியில் இந்தியாவிலேயே வேகன் ஆரும் வந்தது; அதன் தோற்றத்தையும் பழித்தவர் உளர். 2023ஆம் ஆண்டளவில் இந்தியாவில் மட்டும் முப்பது இலட்சம் வேகன் ஆர் விற்பனையாகிவிட்டன. இதற்கு மாறாக, 2009இல் டாற்றா நிறுவனம் பெரும் ஆரவாரத்துடன் வெளியிட்ட நனோவைக் கவனித்தல் வேண்டும். இலங்கைக்கும் வந்த அக்காரின் உருவத்தை எவரும் பெரிதாக வெறுக்கவில்லை. உலகிலேயே மலிவான கார் என்னும் பட்டமே அதற்குச் சுமையாயிற்று என்பது பலர் கருத்து. கோணலான காரை மன்னிப்பவரும், 'மலிவு' என்று அயலவர் வாயால் கேட்க விரும்புவதில்லை.

அயலவர் பேச்சு என்பது யாழ்ப்பாணத்திற் சிறிய காரியம் அன்று. கார் என்பது இங்கே வெறும் வாகனமன்று. கலியாணப் பேச்சிலும் அதற்கோர் இடமுண்டு. முற்றத்திலே நிற்கும்போது எப்படித் தோன்றுகிறது என்பதும் அதன் விலையிற் சேர்ந்ததே. இந்நோக்கிற் பார்த்தால், நீண்ட முகமுடைய காரை விரும்புவோரைக் குறைகூற இயலாது. ஆனால் ஆடி அமாவாசையன்று காங்கேசன்துறைக்கு அருகிலுள்ள கீரிமலைக்குச் செல்லும் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். முழங்கால் நோவுடைய தாயார், நனைந்த வேட்டிகள், பூசைப் பொருட்கள், இரண்டு பிள்ளைகள். தாழ்ந்த காரிலே இறங்குவதற்கு முதியவர் குனிந்து வளைந்து துன்புற வேண்டும். பெட்டிக் காரின் இருக்கையோ இடுப்பளவு உயரத்தில் உள்ளது. சேலை உடுத்தவர் திரும்பி இருந்தால் போதும். சுன்னாகச் சந்தையில் வாங்கிய வாழைக்குலையைக் கிடத்தாமல் நிறுத்தியே கொண்டுபோகலாம். இவற்றைக் கண்ணாற் கண்டவர், அதன் முகத்தைப் பற்றிய வழக்கைப் பெரும்பாலும் கைவிட்டுவிடுகின்றனர்.

இனிப் பெட்டிக் காருக்கு எதிரான நியாயங்களுக்கு வருவோம். அவற்றுட் சில வலிமையானவை. உயர்ந்து ஒடுங்கிய உருவம் பக்கக் காற்றுக்கு அசையும். இயந்திரமும் தளமும் தாழ்வாக இருப்பதாற் பார்வைக்குத் தோன்றும் அளவு அபாயம் இல்லை; எனினும் கூரையிலே பாரம் ஏற்றினால் கணக்கு மாறிவிடும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மணிக்கு நாற்பது கிலோமீற்றரில் மல்லாகத்தைக் கடக்கும்போது இது பொருட்டன்று. ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்புக்கு விரைந்து செல்லும்போது எரிபொருட் செலவிலே தெரியும். ஆகவே பெட்டி சிக்கனமானதா என்ற கேள்விக்கு, எந்த வீதியில் என்பதே மறுகேள்வி.

மோதலின்போது காப்பு எவ்வளவு என்பது இன்னும் பாரதூரமானது. இந்தியாவில் செய்யப்படும் வேகன் ஆருக்கு, உலகளாவிய மோதற் பரிசோதனை அமைப்பு 2019இல் இரண்டு நட்சத்திரங்களும், விதிகள் கடுமையாக்கப்பட்டபின் 2023இல் ஒரே நட்சத்திரமும் வழங்கியது. யப்பானில் செய்யப்படுவது அளவிலும் அமைப்பிலும் வேறானது. இத்தீர்ப்பை அதன் தலையிலே சுமத்துவது முறையன்று. ஆனால் வாங்குபவர், எந்தநாட்டு வண்டி, எத்தனை காற்றுப்பை என்று கேட்டறிவது முறை. முகப்பு விளக்கின் வடிவத்தைப் பற்றி ஒரு மணி நேரம் வாதிடுவோர் இதனைக் கேளாமலே பணத்தை எண்ணிக் கொடுப்பதைக் காணும்போது, பரிகாசம் பிழையான இடத்தில் விழுகின்றது என்றே சொல்லத் தோன்றுகிறது.

யாழ்ப்பாணத்து முதியோர் பழைய காரின் பக்கம் நிற்பதற்கு வேறோர் ஆழ்ந்த காரணம் உண்டு. 1990இல் போர் மூண்டபோது காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை நின்றது, ரயில் நின்றது, சூழவிருந்த மக்கள் வீடு வாசல்களை விட்டுப் பெயர்ந்தனர். குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அக்காலத்தில் ஓடியவை இந்த உருண்டைக் கார்களே. அவற்றின் இயந்திரங்களில் அமுக்க விகிதம் குறைவு. ஆதலால் மண்ணெண்ணெயையும் ஏற்றுக்கொண்டன. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகையால் அரிதாகக் கிடைத்த சில துளி பெற்றோலை ஊற்றிக் கிளப்பி, இயந்திரம் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். புகையைக் கக்கிக்கொண்டு நோயாளிகளையும், கர்ப்பிணிகளையும், சிலவேளை மணமக்களையும் அவை ஏற்றிச் சென்றன. உடைந்த உறுப்பை ஊர்ப் பட்டறையிலேயே கடைந்து பூட்டினர். அந்தக் காரின் வளைவை அழகென்று சொல்லும் முதியவர், வளைவை மட்டுமா சொல்கிறார்?

அவர் புதிய பெட்டியைப் பார்த்துக் கேட்பது இதுதான்: தடை வந்தால் இது ஓடுமா? நேர்மையான விடை, ஓடாது என்பதே. இயந்திரத்துக்குத் துணையாக இருக்கைக்கு அடியில் சிறிய லிதியம் மின்கலமும், கணினிக் கட்டுப்பாடும் கொண்ட இயந்திரம் மண்ணெண்ணெயை ஏற்காது. அதன் மின்பலகையைக் கடைந்தெடுக்கவும் முடியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது இவ்வையம் வேறொரு வடிவில் மெய்யாயிற்று. பழைய வேகன் ஆர்கள் புதிதாய் வாங்கிய விலையையும் மிஞ்சி விற்கப்பட்டன. ஏழைக்கேற்ற கார் என்னும் பேச்சுக்கே இடமில்லாமற் போயிற்று. 2022இல் எரிபொருளுக்கு நீண்ட வரிசைகள் நின்றபோதோ, ஒரு லீற்றரில் அதிக தூரம் ஓடும் சிறிய இயந்திரத்தின் அருமையை அதை எள்ளியவர்களும் உணர்ந்தனர். 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது.

இதற்கிடையில் அந்த யப்பானிய நிறுவனமும் வாடிக்கையாளரின் மனத்தை அறியாமல் இருக்கவில்லை. 2021இல் அது வேகன் ஆரின் புதிய வகையொன்றை வெளியிட்டது. பெட்டி அப்படியே உள்ளது. பின்கதவுகள் சறுக்கித் திறக்கின்றன. முகப்பிலே மட்டும், மொறிஸ் மைனருக்கு இருந்ததைப் போல, இரண்டு உருண்டைக் கண்களை வைத்திருக்கின்றனர்.