எழுதித் தராதீங்க... கேள்வி கேளுங்க!

ஆபீஸ் லீவு லெட்டர்களை யோசித்துப் பாருங்கள். தமிழ்நாடு பூராவும் ஒரே காய்ச்சல், ஒரே வயிற்றுவலி, வருஷத்துக்கு மூன்று தடவை செத்துப்போகும் ஒரே பாட்டி! யாரோ ஒரு சீனியர் எப்போதோ எழுதியதை வாழையடி வாழையாகக் காப்பி அடித்து வருகிறோம். லீவுக்கு அது போதும். காலேஜ் சீட்டுக்கு?

நம்மூர் இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் மார்க்தான் பேசும். கட்டுரையெல்லாம் கேட்க மாட்டார்கள். ஆனால் வெளிநாட்டுக்கோ, இங்கேயே சில தனியார் பல்கலைக்கழகங்களுக்கோ விண்ணப்பித்தால், 'உன்னைப் பற்றி எழுது' என்கிறார்கள். அமெரிக்காவில் ஏகப்பட்ட காலேஜ்கள் ஏற்கும் 'காமன் ஆப்' விண்ணப்பத்தில் 650 வார்த்தைக்குள் ஒரு கட்டுரை. பிரிட்டனின் 'யூகாஸ்' 4,000 எழுத்து கொடுக்கிறது (இடைவெளியும் அதில் சேர்த்தி!). 2026 அட்மிஷனிலிருந்து அதையும் மூன்று கேள்வியாகப் பிரித்துவிட்டார்கள்: ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்தது எப்படி உதவும், படிப்புக்கு வெளியே என்ன செய்தாய்?

இங்கேதான் பையன்கள் திணறுகிறார்கள். உடனே, "அண்ணே, உங்க எஸ்.ஓ.பி.யைக் கொஞ்சம் அனுப்புங்களேன்!" அண்ணனும் அனுப்புகிறார். பெயரை மட்டும் மாற்றி... முடிந்தது கதை!

எழுதிக் கொடுப்பது பாவமா? அதற்கு ராமேஸ்வரம் வரை போய் வரலாம்.

1930-களின் கடைசி. அந்தத் தீவிலேயே இங்கிலீஷில் எழுதத் தெரிந்தவர் ஒரே ஒருத்தர், அகமது ஜலாலுதீன். இதைச் சொல்வது அப்துல் கலாம், 1999-ல் வந்த 'அக்னிச் சிறகுகள்' சுயசரிதையில். குடும்பக் கஷ்டத்தால் ஜலாலுதீனுக்குப் படிப்பு பாதியில் நின்றுபோனது. ஆனாலும் விண்ணப்பமோ, வேறு கடிதமோ, யார் வந்து கேட்டாலும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது தப்பே இல்லை. அந்தக் கடிதத்துக்குச் சேதி போய்ச் சேர்ந்தால் போதும்.

ஆனால் தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவரான கலாமிடம் அவர் செய்தது வேறு. கூடவே நடந்தார், பேசினார், தீவுக்கு வெளியே இருக்கிற உலகத்தைக் காட்டினார். ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் சேர்க்கவும் கூடவே போனார். கடிதம் கேட்டவர்களுக்குக் கடிதம், படிக்கிற பையனுக்குப் பேச்சு. வித்தியாசத்தைக் கவனியுங்கள்!

பின்னால் திருச்சி செயின்ட் ஜோசப் முடித்து, சென்னை எம்.ஐ.டி.யில் கலாமுக்கு இடம் கிடைத்தபோது ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அக்கா ஜொஹரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். ஜலாலுதீனின் மனைவிதான் அவர். அதே எம்.ஐ.டி.யில் தமிழ்ச் சங்கம் கட்டுரைப் போட்டி வைத்தது. நம் விமானத்தை நாமே செய்வோம் என்று கலாம் எழுதினார், தமிழில். முதல் பரிசு! கொடுத்தவர் யார் தெரியுமோ? அப்போது 'ஆனந்த விகடன்' ஆசிரியராக இருந்த தேவன். மனசில் இருந்ததை எழுதியதால்தானே அந்தப் பரிசு?

சரி, இன்றைக்கு வருவோம். பாம்பன் பக்கத்துப் பையன் ஒருத்தன் இருக்கான்னு வெச்சுக்குங்க. "சிறுவயது முதலே கம்ப்யூட்டரில் தீராத ஆர்வம்" என்று ஆரம்பிக்கிறான். இதே வரியை அந்த ஆபீசர் அன்றைக்குக் காலையிலேயே நாற்பது தடவை படித்திருப்பார்! சீனியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கட்டும்:

"தம்பி, மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் விசைப்படகு கரையிலயே நிக்குமே, அப்ப வீட்ல என்ன பண்ணுவீங்க?"

"அப்பா எஞ்சின் வேலை பார்ப்பார்ணே. நான் டீசல், ஐஸ் கணக்கெல்லாம் எழுதுவேன். பங்கு பிரிக்கிறப்ப தகராறு வரும். அதுக்காக ஒரு கணக்கு ஷீட் போட்டேன்..."

"அடப்பாவி, இதைத்தாண்டா எழுதணும்!"

அவ்வளவுதான் உதவி. ஸ்பெல்லிங் பார்க்கலாம். 'இந்த இடம் புரியலையே' எனலாம். எங்கே வெட்டலாம் என்று கோடு போடலாம். கடைசித் தேதியை ஞாபகப்படுத்தலாம். வாக்கியத்தை மட்டும் அவனே எழுதணும். நல்ல மனசோடு நாம் எழுதிக் கொடுத்தாலும் ஆபத்து அவனுக்குத்தான். இன்டர்வியூவில் அதே விஷயத்தைக் கேட்டால் முழிப்பான். அடுத்தவர் எழுதியது என்று தெரிந்தால் சீட்டே பறிபோகலாம். கம்ப்யூட்டரையே எழுதச் சொன்னாலும் இதே கதிதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பணமுள்ள வீட்டுப் பையனுக்குக் கட்டணம் வாங்கும் கன்சல்டன்ட் கிடைப்பார். அப்பா கடலுக்குப் போகிற வீட்டில், அந்தத் தெருவிலேயே முதலில் காலேஜ் போகிற பையனுக்கு யார் இருக்கிறார்கள்? அவனுக்கு முன்னால் போன நீங்கள்தான்!

அப்ளிகேஷன் கட்டணம், பாஸ்போர்ட், ஸ்காலர்ஷிப் பாரம், என்னென்ன சர்ட்டிபிகேட் வேண்டும்... பட்டுத் தெரிந்துகொண்டது எவ்வளவு இருக்கிறது உங்களிடம்! ஞாயிற்றுக்கிழமை மேட்ச் பார்க்கிற நேரத்தில் ஒரு மணி நேரம் போதும். ஊரில் பிளஸ் டூ படிக்கிற ஒரு தம்பிக்கோ தங்கச்சிக்கோ போன் போடுங்கள். முதல் அரைமணி நேரம் நீங்கள் வாயே திறக்க வேண்டாம். அவர்கள் பேசட்டும்.