கணங்கள் புனேக்கு வந்த வழி

1907 ஏப்ரலில், குத்தியில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயர் ஒரு கணிதச் சங்கம் தொடங்கினார். வெளிநாட்டுக் கணித இதழ்களைத் தனியொருவர் வாங்குவது கட்டுப்படியாகாது. எல்லோரும் சந்தா போட்டு வாங்கி, தபாலில் சுற்றுக்கு விட்டுப் படிக்கலாம் என்பது யோசனை. இந்தியக் கணிதக் கழகமாக வளர்ந்த அந்தச் சங்கத்தின் நூலகம் புனே ஃபெர்குசன் கல்லூரியில் இருந்தது. கல்லூரியின் அப்போதைய முதல்வர் பராஞ்ச்பே, 1899இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் சீனியர் ராங்ளர் ஆனவர்.

கணக் கோட்பாடு அன்று புத்தம் புதுச் சரக்கு. கணிதர்களான யங் தம்பதியர் அதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலே 1906இல்தான் வெளிவந்தது. ராங்ளர் பட்டமோ கடினமான கணக்கை காலக்கெடுவுக்குள் போட்டு முடிப்பவருக்கு உரியது. முடிவிலியைப் பற்றி நிதானமாக யோசிப்பவருக்கு அல்ல. சென்னையில் வைத்தியநாதசுவாமி எழுதிய கண இடத்தியல் நூலைக் கழகம் வெளியிட 1947 ஆயிற்று. 1950இல் நூலகமும் சென்னைக்குப் போய்விட்டது.

இன்று புதிய ஆய்வுக் கட்டுரை எழுதிய வாரமே இணையத்தில் கிடைக்கிறது. புனேயின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணங்கள்தான் முதல் பாடம், நம் தமிழ்நாட்டிலும் அப்படியே. ஆனால் அந்தப் பாடத்தில் நடப்பது என்ன? கிரிக்கெட் ஆடுபவர் இத்தனை பேர், ஹாக்கி ஆடுபவர் இத்தனை பேர், இரண்டும் ஆடாதவர் எத்தனை பேர்? வென்படம் வரைந்து மார்க் வாங்கிவிடலாம். முடிவிலாக் கணம் ஒரு வரையறையோடு சரி. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

கணக் கோட்பாட்டைத் தொடங்கிய கேன்டர் 1891இல் சொன்னதைக் கரும்பலகையில் பத்தே நிமிடத்தில் காட்டிவிடலாம். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட தசம எண்கள் எல்லாவற்றையும் 1, 2, 3 என்று வரிசையாக எழுதிவிட்டதாக ஒருவர் சொல்லட்டும். முதல் எண்ணின் முதல் இலக்கம், இரண்டாவதன் இரண்டாம் இலக்கம் என மூலைவிட்டமாக இறங்குங்கள். அது 5 என்றால் 4 எழுதுங்கள், மற்றதெல்லாம் 5. இப்படிக் கிடைக்கும் எண் பட்டியலிலுள்ள ஒவ்வொன்றோடும் ஓரிடத்திலாவது மாறுபடும். ஆகவே பட்டியலில் இல்லை. ஒரு முடிவிலியைவிட இன்னொன்று பெரியது! இவ்விரண்டுக்கும் இடையில் வேறு அளவு உண்டா என்ற கேள்வியை வழக்கமான அடிப்படை விதிகளைக் கொண்டு தீர்க்கவே முடியாது என்பது கணிதர் கோஹனின் 1963ஆம் ஆண்டு ஆய்வோடு உறுதியாயிற்று.

கோஹனைக் கல்லூரிக்கு விட்டுவிடலாம். கேன்டரின் வாதத்துக்குத் தசம எண் தெரிந்தால் போதும். இரு மாநிலப் புத்தகங்களிலும் இரண்டாம் பாடம் மெய்யெண்கள்தான்.