ஞாயிறுதோறும் ஒரு பக்கம்

கதை எழுதுவதற்குத் தனியறையும் ஓய்வும் வேண்டும் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவை வாய்க்காதபடியால் எழுதாமலே காலம் கடத்துகிறோம். கரமனையில் குடியிருந்துகொண்டு ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம் பார்க்கும் நாமும் பல வருஷங்கள் இந்தச் சமாதானத்தையே சொல்லி வந்தோம். அது செல்லாது என்று இவ்வூர்த் தமிழ் எழுத்தாளர் இருவருடைய வாழ்க்கை நமக்கு உணர்த்திற்று.

கரமனையிலிருந்து கிள்ளிப்பாலம் தாண்டினால் சாலைக் கடைத்தெரு. அங்கே பாத்திரக் கடை நடத்தியவர் ஆ. மாதவன். பள்ளிப் படிப்போடு நின்றவர். வியாபாரத்துக்கு நடுவே கண்ட சுமட்டுக்காரர்களும் சிறு வியாபாரிகளுமே அவருடைய கதைகளில் உலவினர். ஆற்றில் மணல் வாருவோரைப் பற்றிய ‘புனலும் மணலும்’ 1974-ல் வெளிவந்தது. மலையாளத்தில் பி. கே. பாலகிருஷ்ணன் எழுதிய நாவலை ‘இனி நான் உறங்கட்டும்’ என்று தமிழாக்கியவரும் அவரே. 2015-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமி விருது அவரைத் தேடி வந்தது. 2021-ல் காலமானார்.

மற்றவர் நீல. பத்மநாபன். மின்சார வாரியத்தில் பொறியாளர் உத்தியோகம் பார்த்துக்கொண்டே நாவல்கள் எழுதியவர். 1968-ல் வெளிவந்த ‘தலைமுறைகள்’ இரணியல் செட்டிமார் குடும்பத்தின் கதை. அவ்வூர்ப் பேச்சை அப்படியே அதில் அமைத்தார். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1979-லேதான். ரயில் எட்டுவதற்கு 11 ஆண்டுகள் முன்பே இரணியலைத் தமிழ் வாசகர்களிடம் கொண்டு சேர்த்துவிட்டது அந்நாவல். கைபேசியில் டிக்கெட் எடுக்கும் இக்காலத்திலும், ஜன்னலில் யாரேனும் “இரணியலுக்கு ஒன்று” என்று கேட்டால் அந்நாவலின் ஞாபகமே நமக்கு வருகிறது.

இவர்களோடு நம்மை ஒப்பிட்டுக்கொள்ளும் துணிவு நமக்கில்லை. ஆயினும், ஒரு பத்திரிகையிலிருந்து திரும்பி வந்த நமது கதையொன்றை மீண்டும் கையிலெடுத்தோம். வாரம் ஒரு பக்கம் திருத்துவது, செய்ததை ஒரு நோட்டில் குறித்து வைப்பது என்று தீர்மானித்தோம்.

முதல் வாரம் இரவு வேலை. ஒரு வரியும் திருந்தவில்லை. அதையும் மறைக்காமல் குறித்தோம். இரண்டாம் வாரம், கரமனை ஆற்றை வர்ணித்த முதற்பக்கம் முழுவதையும் அடித்தோம். ஊரிலிருந்து வந்து இறங்கும் அத்தைதான் கதாநாயகி. அவள் படியேறுவதற்குள் ஆற்றங்கரையில் அத்தனை நேரம் நிற்பானேன்?

மூன்றாம் வாரம் அடுக்களைக் காட்சியை வீட்டில் உரக்கப் படித்தோம். “உங்கள் அத்தை ‘கறிவகை’ என்றா சொல்வார்கள்? ‘வெஞ்சனம்’ என்றல்லவா சொல்வார்கள்!” என்றாள் மனைவி. உண்மைதான். பத்திரிகைக்காகச் சொல்லை மெருகிடப் போய், அத்தையின் வாயை நாமே அடைத்திருந்தோம். ஒன்பது வயது மகளோ, “வெஞ்சனம் என்றால் என்ன, அப்பா?” என்று கேட்டாள். அவள் மலையாளப் பள்ளியில் படிப்பவள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது என்று விளக்கினோம். அன்றிரவு தட்டின் முன் அமர்ந்து அந்தச் சொல்லைச் சொல்லியே கேட்டு வாங்கினாள்.

நமக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஊரைவிட்டு வந்த குடும்பங்களில் சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்வதை நாம் கவனிப்பதேயில்லை. அத்தைக்குப் பின் அந்தச் சொல் நம் வீட்டில் வழங்காமலே போயிருக்கும். கதையைத் திருத்த உட்கார்ந்த இடத்தில் அது திரும்பக் கிடைத்தது.

நான்காம் வாரம் முடிவை எழுதினோம். அதை மட்டும் படித்துக் காட்டவில்லை. “நீயே எழுத்துக் கூட்டிப் படி” என்று மகளிடம் கொடுத்திருக்கிறோம். இதுவரை மூன்று வரி ஆகியிருக்கிறது. அவளும் நம்மைப் போலவே ஒரு நோட்டில் குறித்து வருகிறாள்.

கதை பிரசுரமாகுமோ ஆகாதோ, நாம் அறியோம். அன்பர்களே, உங்கள் வீட்டு அத்தைமாரும் பாட்டிமாரும் பேசியவை உங்கள் நினைவிலும் இருக்கும். பெரிய நாவலாக வேண்டாம். ஞாயிறுதோறும் ஒரு பக்கம் எழுதுங்கள். எழுதியதைப் பிள்ளைகளின் காதில் விழும்படி உரக்கப் படியுங்கள்.