வெறுங்காலுக்கு ஒரு செயற்கைக் கால்

1960களில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு போனவர்களில் பலர், கொஞ்ச நாளிலேயே அதை மூலையில் போட்டுவிட்டு ஊன்றுகோலுக்குத் திரும்பினார்கள். எலும்பு மருத்துவர் பி.கே.சேத்தி ஏன் என்று விசாரித்தார். அந்தக் கால்கள் ஷூ போடுகிறவர்களுக்காகச் செய்யப்பட்டவை. ஷூவுக்குள் மறையப்போகும் பாதத்துக்கு விரல் எதற்கு? கணுக்காலும் மடங்காது. அதை மாட்டிக்கொண்டு குத்தவைக்க முடியாது, சம்மணம் போட முடியாது, சேற்று வயலில் இறங்க முடியாது. கோயிலுக்குள் போவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வழி கண்டவர் ராம் சந்திர சர்மா. டாக்டரும் அல்ல, இன்ஜினீயரும் அல்ல. சிற்ப வேலை தெரிந்த கைவினைஞர். அதே மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுத்து வந்தவர். முதலில் பாதம் முழுவதையும் ரப்பரிலேயே வார்த்தார். கனமாகவும் விறைப்பாகவும் போனது. சைக்கிள் பஞ்சர் ஒட்டப் போன இடத்தில் லாரி டயருக்கு ரப்பர் ஏற்றுவதைப் பார்த்துத்தான் அவருக்கு ரப்பரில் பாதம் செய்யும் யோசனை பிறந்தது என்பார்கள்.

1968 வாக்கில் உருவான ஜெய்ப்பூர் காலில் கணுக்கால் பகுதி மரம். குதிகாலிலும் முன்பாதத்திலும் நுண்துளை ரப்பர். நம் ஊரில் சர்க்கரை நோயாளிகள் போடும் எம்.சி.ஆர். செருப்பில் இருப்பதே. இவற்றை டயர் ரப்பரால் சுற்றி, மேலே தோல் நிற ரப்பர் போர்த்தி, அச்சில் வைத்துச் சூடேற்றினால் விரலும் நகமுமாகப் பாதம் வெளியே வரும். எல்லாப் பக்கமும் வளைந்துகொடுப்பதால் மேடுபள்ளத்திலும் நடக்கலாம். அந்த விரல்களை அலங்காரம் என்று ஒதுக்கிவிட முடியாது. மூடிக்கொள்ள ஷூ இல்லாதவருக்கு அது பாதமாகவே தெரிந்தாக வேண்டும்.

தமிழ்நாட்டில் 1981இல் நடந்த பேருந்து விபத்துக்குப் பின் காலை இழந்த சுதா சந்திரன், இந்தக் காலோடுதான் மீண்டும் பரதநாட்டிய மேடை ஏறினார். தரையைப் பாதத்தால் தட்டி ஆடும் தட்டடவுக்கு வெறும் பாதம் வேண்டுமே! விபத்து நடந்த அதே 1981இல் சேத்திக்கு மகசேசே விருது கிடைத்தது. தகுதியான விருதுதான், சர்மாவுக்கும் அதில் பங்கு இருந்திருக்கலாம்.

1975இல் டி.ஆர்.மேத்தா தொடங்கிய பகவான் மகாவீர் அமைப்பு இந்தக் காலை இலவசமாகவே பொருத்துகிறது. முன்பு அலுமினியத் தகட்டைத் தட்டிச் செய்த கீழ்க்காலை இப்போது பாசனக் குழாய்க்கான பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். போரில் கால் இழந்தவர்கள் நிறைந்த யாழ்ப்பாணத்திலும் ஜெய்ப்பூர் பெயரிலேயே ஒரு மையம் இயங்குகிறது.