பத்திரம் ஒரு நாளில், பட்டா எந்நாளில்?

சங்கரன்கோவிலில் விசைத்தறித் தொழிலாளி ஒருவர். வாடகை வீட்டிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். மனைவியின் நகையை விற்று, சீட்டுப் பணத்தையும் சேர்த்து, இரண்டு செண்டில் ஓர் ஓட்டு வீடு வாங்க முன்பணம் கொடுக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். பத்திர ஆபீசில் அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? டோக்கன் நேரத்திற்குப் போனால் கைரேகை, புகைப்படம், கையெழுத்து எல்லாம் முடிந்து அன்றே வீடு திரும்பலாம். 2018-இல் வந்த ‘ஸ்டார் 2.0’ கணினி ஏற்பாடு வேலையை அவ்வளவு சுருக்கியிருக்கிறது. நல்ல காரியம், வரவேற்கிறோம்.

ஆனால் தோழர்களே, தாமதம் அந்த மேசையிலா இருக்கிறது? மேசைக்கு வருமுன்னும், மேசையை விட்டுப் போன பின்னும் அல்லவா இருக்கிறது!

விற்பவரிடம் பட்டா கேட்டால், அது இன்னும் பாட்டனார் பெயரில் கிடக்கிறது. மாவட்டம் நெல்லையிலிருந்து தென்காசியாக 2019-இல் மாறிற்று. பட்டாவில் பாட்டனார் மாறவில்லை! வாரிசுச் சான்றுக்குத் தாலுகா ஆபீஸ். வாரிசுகளில் ஒருவர் திருப்பூரில், ஒருவர் கேரளத்தில். அத்தை ஒருத்தி கையெழுத்துப் போட மறுக்கிறாள். இதற்குள் ஒப்பந்தக் கெடு முடிந்துவிடுகிறது. கடன் வாங்கி மீதிப் பணத்தை மடியில் கட்டி வைத்திருந்தவர் வட்டி கட்டுகிறார். கடைசியில் கெடு தவறியவர் அவரே என்று பழி சுமத்தி, முன்பணத்தையும் விழுங்கப் பார்ப்பார்கள்.

எப்படியோ கிரயம் முடிந்தது. இனிப் பட்டா. விற்பவர் பெயரிலேயே பட்டா இருந்து, நிலமும் முழுதாகக் கைமாறினால், பதிவு விவரம் கணினி வழியே வருவாய்த் துறைக்குப் போய் விரைவில் பெயர் மாறும். உட்பிரிவு என்றால்தான் வம்பு. நில அளவர் வந்து அளக்க வேண்டும், புதிய எண் தர வேண்டும். முழுச் சர்வே எண்ணை வாங்குகிறவர் யார்? வசதி படைத்தவர். அதில் ஒரு துண்டை வாங்குகிறவர் யார்? உழைப்பாளி. கணினியின் வேகம் ஒருவருக்கு, காத்திருப்பு மற்றவருக்கு!

இத்தனைக்கும் அரசு இனாமாகப் பதிவதில்லை. 2023-இல் குறைத்த பிறகும் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் 2. பத்து லட்ச ரூபாய் வீட்டுக்கு 90,000 ரூபாய். 2025 ஏப்ரல் முதல், பத்து லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் நூற்றுக்கு ஒன்று குறையும், அதுவும் 80,000. இதை வாங்கிக்கொண்டு, “வீடு உம்முடையதுதான்” என்று அரசு உறுதி சொல்கிறதா? இல்லை. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் பத்திரத்தைத்தான் பதிகிறது, உரிமையை அல்ல. விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது பதிவு அதிகாரியின் வேலையல்ல என உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

தென் ஆஸ்திரேலியாவில் 1858-இலேயே டாரன்ஸ் என்பவர் வேறு வழி கண்டார். அங்கே அரசின் பதிவேட்டில் யார் பெயரோ, அவரே உரிமையாளர். அதற்கு அரசே பொறுப்பு. நமக்கு அது நெடுந்தூரப் பயணம். பக்கத்துக் கர்நாடகத்தைப் பார்க்கலாமே! விவசாய நிலத்தில் ஒரு பகுதியை விற்பதானால், அளந்து வரைந்த ‘11-இ’ வரைபடம் பதிவுக்கு முன்பே வேண்டும். காத்திருப்பு அங்கும் உண்டு. ஆனால் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில்லை. அந்த ஏற்பாட்டை இங்கே வீட்டு மனைக்கும் கொண்டு வருக, அதற்குத் தேவையான நில அளவர்களை நியமிக்க என்று கேட்கிறோம்.

அதுவரை, முன்பணம் கொடுக்கப் போகும் தோழர்கள் வில்லங்கச் சான்றோடு நின்றுவிட வேண்டாம். பட்டா யார் பெயரில், உட்பிரிவு உண்டா, வாரிசுகள் எத்தனை பேர் என்று கேட்டறிந்து, ஒப்பந்தக் கெடுவை அதற்கேற்ப நீட்டி எழுதிக்கொள்ளுங்கள்.